பிரேக்கை மிதித்தால் வைப்பர் ஆடும் கார்

மச்சான் காரில் புகை வரக் காரணம் எலி இல்லை, நான்.

ஃபியூஸ் போடப் போட எரிந்துகொண்டே இருந்தது. எலி கடித்த வயர் ஒன்று தோலுரிந்து போய்ப் பக்கத்து வயரில் உரசுகிறது என்று அர்த்தம். வண்டி வயரிங் கடை வைத்திருக்கும் எனக்கு அதைத் தேடிப் பிடிப்பதுதான் தொழில். ஆனால் ஜன்னலில் என் மனைவி நின்றிருந்தாள். கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் அப்போதுதான் என் பக்கம் எட்டிப் பார்த்தாள். வித்தை காட்டும் அவசரத்தில், ஃபியூஸுக்குப் பதிலாக ஒரு செம்புக் கம்பியைச் செருகிவிட்டேன். ஃபியூஸ் ஒன்று சாக வேண்டிய இடத்தில் வயர் கட்டே உருகிச் செத்தது.

மச்சான் நிதானமாக வந்து எட்டிப் பார்த்தார். "எலி மாசக்கணக்கா தின்னதை நீங்க ஒரே மூச்சுல முடிச்சிட்டீங்க மாப்பிள."

"போட்டின்னு வந்தா விடமாட்டேன் மச்சான்."

அவர் சிரிக்கவில்லை. ஜன்னலும் சிரிக்கவில்லை.

அவளைத் திருப்பி அனுப்புவீர்களா என்று ஃபோனில் கேட்டதற்கு, "முதல்ல வண்டியப் பாருங்க, அப்புறம் பேசலாம்" என்றிருந்தார். மாட்டேன் என்று சொல்லவில்லையே. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு டூல்ஸ் பையோடு வந்திருந்தேன்.

பேட்டரியைக் கழற்றினேன். அது உட்காரும் தட்டுக்கு அடியில் பஞ்சும் நாரும் வைத்துக் கூடு. உள்ளே கண் திறக்காத குட்டிகள், விரல் நுனி அளவு, ரோஸ் நிறத்தில். ஒரு டப்பாவில் அள்ளி மதிலோரம் வைத்தேன்.

"அங்க எதுக்கு?"

"அம்மா வந்து தேடும் மச்சான்."

"தேடட்டும்." டப்பாவை எடுத்து, கார் கழுவ வைத்திருந்த வாளிக்குள் கவிழ்த்தார். பிறகு அதே தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டார். நான் வயரைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். எதிர்த்துப் பேசி மாப்பிள்ளை உத்தியோகத்தையும் இழக்க வேண்டாமே என்றுதான்.

உருகியதை வெட்டி எறிந்துவிட்டுப் புது வயர் இழுத்தேன். பிரேக்கை மிதித்தால் வைப்பர் ஆடியது. இரண்டுக்கும் போகிற வயர்களை எலி ஒரே இடத்தில் கடித்து ஒட்ட வைத்திருந்தது. அதைப் பிரித்து டேப் சுற்றினேன். இனி ஒருவர் உள்ளே உட்கார்ந்து சுவிட்சுகளைப் போட வேண்டும், ஒருவர் பின்னால் நின்று விளக்கைப் பார்க்க வேண்டும். மச்சான் தங்கையைக் கூப்பிட்டுப் பின்னால் நிறுத்தினார். நான் உள்ளே ஏறினேன்.

"பிரேக்?"

"எரியுது."

"இடது இண்டிகேட்டர்?"

"எரியல."

இறங்கிப் போய் ஒரு முடிச்சைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

"இப்போ?"

"எரியுது."

"சாப்டியா?"

"அடுத்ததப் போடுங்க."

"நீ இல்லாம வீடு எலி கடிச்ச மாதிரி ஆயிருச்சு."

ரிவர்ஸ் போட்டேன். "எரியுது" என்றாள்.

சாவியைத் திருப்பினேன். என்ஜின் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. சத்தியமாகக் கண் கலங்கிவிட்டது. மச்சான் முகத்திலும் ஒரு வெளிச்சம். நம் காரியம் பழுத்துவிட்டது என்று நினைத்தேன்.

"நாளைக்கு சாமான் ஏத்தினா தாங்குமா மாப்பிள?"

"யானையையே ஏத்துங்க. என்ன சாமான்?"

"சாமான்தான்."

"எங்கேருந்து?"

"இங்க பக்கத்துலதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

என்ஜினை நிறுத்தினேன். அவள் பின்னாலேயே நின்றிருந்தாள். இறங்கிப் போனேன். "யாரு சாமான்மா? உங்கண்ணன் வீடு மாத்துறாரா? சொன்னா நானும் ஒரு கை பிடிப்பேன்ல. பீரோ தூக்க என்னை விட்டா ஆளு ஏது?"

என் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தாள். எடுத்துவிடவில்லை.

"என் சாமான். உங்க வீட்லேருந்து எடுக்க வர்றோம். கடையில உக்காந்து நீங்க அடிக்கிற ஜோக்குக்கு எல்லாரும் சிரிக்கிறாங்க. அதுல பாதி என்னைப் பத்தினது. நான் திரும்பி வரமாட்டேன்."