மூன்று சக்கரங்களின் முனகல்

அமெரிக்காவின் வயோமிங் மேட்டு நிலத்தில் அக்டோபர் இரண்டாம் வாரம் என்பது மாடுகளை மலையிலிருந்து இறக்கும் வாரமாகும். அந்த வாரத்தில் பள்ளத்தாக்கில் கால்நடைகளை ஏற்றிச்செல்லும் இழுவை வண்டிகள் அனைத்தும் மலைமேல் இருக்கும். தொலைபேசியும் அங்கே எட்டாது. எஞ்சி நின்றது ஆரினின் பழைய இழுவை வண்டி ஒன்றே. அவனுடைய அக்கா லோர்னாவின் குதிரை மேபலுக்குக் காலையில் குடல் முறுக்கிக்கொண்டது. இரண்டு மணிக்குள் கணவாய்க்கு அப்பால் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுவந்தால் அறுவை செய்து பார்க்கலாம் என்று கால்நடை மருத்துவர் தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

வண்டியைப் பிக்கப் லாரியுடன் பூட்டி, வண்டிக்கு மின்சாரம் கொடுக்கும் ஏழுமுனைச் சொருகியை மாட்டியபோது மணி பத்து. விளக்குகள் யாவும் ஒழுங்காக எரிந்தன. ஆனால் ஓட்டுநர் இருக்கையின் அருகிலிருந்து இழுவை வண்டியின் மின்பிரேக்கை இயக்கும் பெட்டியின் நெம்பை, அந்தச் சிறு கைப்பிடியை, அழுத்தியபோது வண்டியின் சக்கரங்களில் பிரேக் பிடிக்கவே இல்லை. பன்னிரண்டு மைல் இறக்கத்தில் பிரேக் இல்லாத இரும்பு வண்டி, தன்னை இழுக்கும் பிக்கப்பையே பள்ளத்தில் தள்ளிவிடும். இதை அங்குள்ள குழந்தையும் அறியும்.

"வண்டில கோளாறு இல்லக்கா. விளக்கு எரியுது பாரு. பெட்டிதான் போச்சு," என்றான் ஆரின்.

"சர்ச்லயும்தான் விளக்கு எரியுது. அதுக்காக அத ஓட்டிக்கிட்டு மலை இறங்க முடியுமாடா?"

அந்த ஊரில் இழுவை வண்டிக்குச் செய்யும் சோதனை ஒன்றே: விளக்கு எரிகிறதா என்பது. நெடுஞ்சாலைக் காவலர் அதைத்தான் பார்ப்பார். ஆகவே உரிமையாளரும் அதைத்தான் பார்ப்பார். ஆரின் அவ்வழக்கத்தில் வளர்ந்தவன். அவன் பியூஸை மாற்றினான். பெட்டியின் பின்புறக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சுரண்டி மீண்டும் இணைத்தான். பிக்கப்பின் அடியில் படுத்து, பிரேக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் நீலக் கம்பியை முன்னிருந்து பின்வரை தடவிப் பார்த்தான். லோர்னா தொழுவத்திற்கும் பிக்கப்பிற்கும் நடையாய் நடந்து, அவன் கேட்டபோதெல்லாம் நெம்பை அழுத்தினாள்.

"மேபல் ரெண்டு தடவ படுத்துட்டா. அடிச்சு எழுப்பினேன்," என்றாள் ஒருமுறை.

"இன்னும் அஞ்சு நிமிஷம்."

"நீ சொல்ற அஞ்சு நிமிஷத்துல ஒரு கன்னுக்குட்டி வளந்து கெழடாயிரும்."

பன்னிரண்டரை மணியளவில் அவன் சோதனை விளக்கைப் பிக்கப்பின் சொருகுமுனையில் வைத்தான். லோர்னா அழுத்தினாள், விளக்கு பளிச்சென்று எரிந்தது. பிக்கப்பில் குறை எதுவும் இல்லை. முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனை அது. இரண்டரை மணி நேரமாகத் தான் நல்ல உறுப்பையே அறுத்துக்கொண்டிருந்ததை ஆரின் உணர்ந்தான்.

அவன் இழுவை வண்டியின் அடியில் நுழைந்தான். மின்சாரம் திரும்பி வரும் வழியான வெள்ளை எர்த் கம்பி ஒற்றைத் திருகில் தொங்கியது. சாணமும் சாலை உப்பும் தின்று அதன் நுனி பச்சைத் தூளாகியிருந்தது. விளக்குகளுக்குச் சிறிதளவு மின்சாரமே போதும். அது வண்டியைப் பிக்கப்புடன் பூட்டும் கொக்கியின் இரும்புப் பந்து வழியாகவே ஓடியிருக்கிறது. பிரேக்கைப் பிடிக்கவைக்கும் சக்கரத்துக் காந்தங்களுக்கு அது போதாது. எரிந்த விளக்குகள்தாம் அவனை ஏமாற்றியிருந்தன.

சட்டத்தைப் பளபளக்கச் சுரண்டிப் புதிய கம்பியை முறுக்க அவனுக்குப் பத்து நிமிடமே ஆனது.

"நெம்ப அழுத்துக்கா."

பதிலில்லை. ஆயினும் முன் சக்கரத்தில் காதை வைத்தபோது மெல்லிய முனகல் கேட்டது. அடுத்ததிலும் கேட்டது, மூன்றாவதிலும் கேட்டது. நான்காவது செத்திருந்தது.

"மூணு புடிக்குதுக்கா. மூணு இருந்தா இறங்கிடலாம். குதிரைய ஏத்து."

அவன் புரண்டு வெளியே வந்தான். ஓட்டுநர் இருக்கை காலியாக இருந்தது. நெம்பு அழுத்திய நிலையிலேயே, வைக்கோல் கட்டும் கயிற்றால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. இருக்கைக்குப் பின்புறம் எப்போதும் மாட்டியிருக்கும் துப்பாக்கியைக் காணவில்லை.

தொழுவத்தில் மேபல் பக்கவாட்டில் கிடந்தது. உடல் முழுவதும் வியர்வை நுரைத்திருந்தது. லோர்னா அதன் தலையருகே மண்டியிட்டு, உதட்டைத் தூக்கிக் காட்டினாள். ஈறு கருநீலமாயிருந்தது.

"இந்த நிறம் வந்துட்டா பொழைக்காது, கொண்டுவர வேணாம்னு டாக்டர் சொன்னாரு."

"எப்ப வந்துச்சு?"

"அரை மணி ஆச்சு."

"என்கிட்ட ஏங்க்கா சொல்லல?"

"ஏதோ உருப்படியா பண்ணிக்கிட்டு இருந்த. சொன்னா விட்டுருவ." அவள் குரலில் கோபம் இல்லை, அதுவே அவனுக்குத் தாங்கவில்லை.

"முதல்லயே அந்த வெள்ளைக் கம்பிய பாத்திருந்தா பதினொண்ணுக்கே கெளம்பியிருக்கலாம்," என்றான் ஆரின்.

"ஆமாடா," என்றாள் லோர்னா.

அவள் துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்து, குண்டை உள்ளே தள்ளினாள். ஆரின் குனிந்து குதிரையின் தலைக்கயிற்றைப் பற்றிக்கொண்டான். மேபல் அவனுடைய உள்ளங்கையில் ஒருமுறை வெப்பமாக மூச்சுவிட்டது.

"முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கடா," என்றாள் அக்கா.

அவன் திருப்பவில்லை.