முதல் நெடி

மீனம்மா எங்கள் லயத்து வரிசையில் அடுத்த காம்பிராக்காரி. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவள் வீட்டு இருமல் எனக்குக் கேட்கும், என் பிள்ளையின் அழுகை அவளுக்குக் கேட்கும். உப்பு தீர்ந்தாலும் நெருப்பு அணைந்தாலும் அவளிடம்தான் போய் நிற்பேன். அவளை நம்பாமல் வேறு எவளை நம்புவது? இன்று அவள் பேரைச் சொன்னாலே எனக்கு வாய் கசக்கிறது.

அறுபதாம் வருசம் தோட்டத்தில் பிள்ளைக்காம்பிராவை மூடிவிட்டார்கள். பிள்ளை பார்த்த ஆயம்மா செத்துப்போனதும் வேறு ஆள் போட முடியாது என்று துரை சொல்லிவிட்டார். கைப்பிள்ளைக்காரிகள் எல்லோரும் தேயிலைச் செடிக்கு அடியில் சாக்கை விரித்துப் பிள்ளையைக் கிடத்திவிட்டுக் கொழுந்து கிள்ளினோம். ஒருநாள் என் மகளின் மூக்குக்குள் அட்டை ஏறிவிட்டது. உப்புத் தண்ணீர் விட்டு அதை எடுப்பதற்குள் என் உயிரே போய்விட்டது. எல்லோரும் ஒருநாள் காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தால்தான் இவர்களுக்கு உறைக்கும் என்று அன்றே முடிவு செய்தேன்.

ஆனால் யார் முதலில் நிற்பது? பொன்னையா கங்காணிக்கு லயத்துக்கு லயம் காது இருந்தது. வாயைத் திறந்தவளுக்குப் பத்துச்சீட்டுதான். சீட்டு கிழித்தால் வேலையோடு காம்பிராவும் போய்விடும். புருசனைப் பறிகொடுத்த நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன்?

அப்போதுதான் ஆராய்ச்சிக்கூடத்தில் பார்த்தது நினைவுக்கு வந்தது. முந்தின மழைக்காலத்தில் தலவாக்கலைப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு என்னைக் கண்ணாடித் தட்டு கழுவ அனுப்பியிருந்தார்கள். அங்கே வேலை பார்த்த இக்னேசியஸ் நல்ல மனிதர். பூதக்கண்ணாடிக் குழாயில் என்னையும் பார்க்கச் சொன்னார். காட்டு மண்ணில் இருக்கிற உயிராம், ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல்லாம். தீனி இருக்கும்வரை தனித்தனியாக மேயும். தீனி தீர்ந்ததும் ஒன்று ஏதோ ரசாயனத்தைக் கசியவிடும். பக்கத்தில் இருப்பது அதை உணர்ந்து தானும் கசியவிட்டு, அந்தப் பக்கம் நகரும். அதற்குப் பக்கத்தில் இருப்பதும் அப்படியே செய்யும். கங்காணியும் கிடையாது, பெரட்டுக்குக் கூப்பிடுகிற தப்பு மேளமும் கிடையாது. ஆயிரக்கணக்கில் கூடி ஒரே உடம்பாக ஊர்ந்துபோய், ஒரு தண்டை எழுப்பும். உச்சியில் இருப்பவை வித்தாகிப் பிழைத்துக்கொள்ளும். தண்டானவை அங்கேயே செத்துக் காய்ந்துவிடும்.

இதை மீனம்மாவிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தண்டா ஆவுறது யாருடி?"

"முன்னால போறதுதானாம்."

பாவம் என்று சிரித்தாள். நானும் சிரித்தேன், மடச்சி.

ஏற்பாடு என்னுடையதுதான். விடியற்காலையில் ஒருத்தி காய்ந்த மிளகாய் வறுப்பாள். நெடி எட்டிய அடுத்த வீட்டுக்காரியும் வறுப்பாள். வறுத்தால் நானும் போகவில்லை என்று அர்த்தம். எல்லா அடுப்பிலும் நெடி கிளம்பிவிட்டால் முதல் அடுப்பு எது என்று எந்தக் கங்காணியாலும் சொல்ல முடியாது. பீலியில் தண்ணீர் பிடிக்கும்போதே எல்லாப் பெண்களுக்கும் சேதி போய்விட்டது.

அன்றைக்கு நான் சட்டியை அடுப்பில் வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மீனம்மா இருமினாள். ஆனால் அவள் சட்டி வைக்கிற சத்தம் வரவில்லை. இன்னும் ஒரு பிடி மிளகாயை அள்ளிப் போட்டேன். அதற்குள் மூன்றாம் காம்பிராவில் மிளகாய் வெடித்தது. அப்புறம் மேல் லயம், கீழ் லயம் என்று தோட்டமே இருமியது. மீனம்மா எல்லோருக்கும் பிறகுதான் வறுத்தாள். தப்பு அடித்து அடித்து ஓய்ந்தது. ஒருத்திகூடப் பெரட்டுக்குப் போகவில்லை.

பத்து மணிபோலத் துரை வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு பொன்னையா பின்னால் வந்தார். பிள்ளைக்காம்பிராவைத் திறக்கிறேன், ஆயம்மாவும் போடுகிறேன், ஆனால் முதலில் வறுத்தவள் யார் என்று தெரிந்தாக வேண்டும் என்றார் துரை. எல்லோரும்தான் வறுத்தோம் என்று சொல்லிவிட்டுப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதோடு விட்டிருந்தால் துரை திரும்பித்தான் போயிருப்பார்.

"மொதல்ல வறுத்தது காளியாயிதாங்க," என்றாள் மீனம்மா. "எனக்கும் அவளுக்கும் ஒரே செவுருங்க. எனக்குத் தெரியாதுங்களா?"

எல்லோர் கண்ணும் என் பக்கம் திரும்பியது. மீனம்மா சொன்னது எனக்கு வலித்தது. மற்றவர்கள் சும்மா நின்றது அதைவிட வலித்தது.

நாலாம் நாள் பத்துச்சீட்டும் மூட்டையுமாக ஹட்டன் பஸ்ஸைப் பிடிக்கப் போனேன். வழியில்தான் பிள்ளைக்காம்பிரா. கதவு திறந்திருந்தது, உள்ளே புதுத் தொட்டில்கள் தொங்கின. ஆயம்மாவின் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் மீனம்மா நின்றாள்.

"நீதானேடி சொன்ன, முன்னால போறதுதான்னு," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தேன். அதற்குள் இடுப்பிலிருந்த என் மகள் மீனம்மாவைக் கண்டதும் சிரித்து, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டினாள்.