இடுப்பளவுச் சுவர்

ஊரை விட்டு விலகி, மெயின் ரோட்டிலிருந்து பிரிகிற மண்பாதையின் கடைசியில் அந்த வீடு இருந்தது. அதைக் கட்டியவளே அதில் குடியிருந்தாள். பெண்ணொருத்தி கரண்டி பிடித்துக் கல் வைக்கிறாளே என்று முதலில் சிரித்தவர்கள், அவள் எழுப்பிய சுவர்களில் தூக்குக்குண்டு விட்டு நேர் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டு 'கொத்தனாரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் கணவன் தொலைதூர பஸ்ஸில் கண்டக்டர். வாரத்தில் பாதி நாள் பஸ்ஸிலேயே தூக்கம். அவனுடைய தங்கையும் அந்த வீட்டில்தான் இருந்தாள். புகுந்த வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடும் ஒரு கம்ப்யூட்டரோடும் கிளம்பி வந்தவள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் மாட்டிக் கேட்டு டைப் அடிப்பது அவள் வேலை. அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஆகாது என்று உலகம் சொல்லும். இவர்கள் விஷயத்தில் உலகத்துக்குத் தகவல் போதவில்லை.

பக்கத்து நிலத்தில் இரண்டு சகோதரர்கள் பழைய இரும்புக் கிடங்கு போட்டிருந்தார்கள். அண்ணன்காரனுக்கு ஊரில் 'தகரம்' என்று பெயர். அவன் பேசினால் தகரத்தை ரோட்டில் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். வந்த புதிதில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். அடுத்த மாதம் வீட்டையே கேட்டான்.

"லாரி திரும்ப இடமில்லைக்கா. நீங்க எங்கயாவது டவுனுக்குள்ள போயிட்டா ரெண்டு பேருக்கும் நல்லது."

"எங்களுக்கு இங்கயே நல்லாத்தான் இருக்கு" என்றாள் கொத்தனாரம்மா.

"இப்ப நல்லா இருக்கு" என்றான் அவன்.

அதன் பிறகு நல்லா இல்லாமல் போனது. துருப்பிடித்த பீப்பாய்கள் எல்லைக் கல்லைத் தாண்டி உருண்டு வந்தன. வயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிற வேலையை, காற்று இந்தப் பக்கம் வீசுகிற நேரமாகப் பார்த்துச் செய்தார்கள். கொடியில் காய்கிற துணியெல்லாம் கரி. சாயங்காலமானால் கூரையில் கல் விழும். எட்டிப் பார்த்தால் தம்பிக்காரன் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான், மழை வருமா என்று யோசிக்கிறவன் போல. நாத்தனாருக்குக் காதில் ஒலிக்கிற டாக்டர் குரலுக்கு நடுவே கல் விழுகிற சத்தமும் கேட்டுக் கேட்டு, வராத கல்லுக்கும் தோள் குலுங்க ஆரம்பித்தது.

ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஏட்டு ஒருவர் வந்தார். அவர் வருவதற்குள் நெருப்பு அணைந்திருந்தது, பீப்பாய்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் நல்ல பிள்ளைகளாக நின்றன. "அக்கம்பக்கம்னா அப்படி இப்படித்தான் இருக்கும். பேசிப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, தகரம் நீட்டிய டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

"சுவர் எழுப்பிடு" என்றான் கண்டக்டர். "ஆள் உயரத்துக்கு மேல. அவன் மூஞ்சியே நமக்குத் தெரிய வேண்டாம். நான் இல்லாத நேரத்துல நீங்க ரெண்டு பேரும் பயமில்லாம இருக்கணும்."

அவள் எழுப்பினாள். வேலை முடிந்து வந்த களைப்போடு, விளக்கு வைக்கும் நேரம்வரை நின்று, வரிசை வரிசையாக வைத்தாள். நாத்தனார் கலவை எடுத்துக் கொடுத்தாள். நாலு பக்கமும் எட்டடி உயரம். உச்சியில் உடைந்த பாட்டில் துண்டுகளைப் பதித்தாள். பாதைப் பக்கம் இரும்புக் கேட். உதைத்துத் திறக்க முடியாதபடி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டினாள். முடிந்த அன்று தள்ளி நின்று பார்த்தபோது அவளுக்கே ஒரு மிதப்பு. இனி யானை வந்தாலும் சரி என்று நினைத்தாள்.

யானை வரவில்லை. வெளிச்சமும் வரவில்லை. பகல் பதினோரு மணிக்குச் சமையல்கட்டில் விளக்குப் போட வேண்டியிருந்தது. பாதைக்கு எதிர்ப்பக்கம் மாடு வைத்துப் பால் ஊற்றுகிற தம்பதிகள் இருந்தார்கள். முன்பெல்லாம் பால்காரம்மா தொழுவத்திலிருந்தே "என்ன, இன்னைக்கு வேலை இல்லையா?" என்று குரல் கொடுப்பாள். இப்போது அவள் பார்ப்பது சுவரைத்தான். சுவரோடு யார் பேசுவார்கள்? சகோதரர்கள் இருவருக்கும் அந்தச் சுவர் ரொம்பப் பிடித்துப்போனது. அதன் அடியிலேயே, அதை அணைவாக வைத்து, வயர் கொளுத்த ஆரம்பித்தார்கள். கல் இன்னும் அதிகமாக விழுந்தது. யார் எறிந்தது என்று யார் சொல்வது?

ஒரு நாள் மத்தியானம், மெயின் ரோட்டோரக் கட்டடம் ஒன்றில் பூச்சு வேலையில் இருந்தபோது அவள் போன் அடித்தது.

"அண்ணி..." இருமல். "கேட்டு திறக்க மாட்டேங்குது. வெளியில ஏதோ முட்டிக்கிட்டு நிக்குது. வீடு பூரா புகை."

கையைக்கூடக் கழுவாமல் மொபெட்டை எடுத்தாள். வீட்டு வாசலில் கேட்டோடு ஒட்டி, ஒரு விரல்கூட நுழைய முடியாதபடி கிடங்கின் இரும்பு லாரி நின்றது. கிடங்குப் பக்கம் சுவரோரம் கறுப்புப் புகை சுருண்டு எழுந்து அவள் வீட்டுக்குள் கவிழ்ந்துகொண்டிருந்தது. சகோதரர்கள் இருவரும் கிடங்கு வாசலில் நின்றார்கள்.

"லாரி எடு" என்றாள்.

"ரிப்பேர்க்கா" என்றான் தகரம். "மெக்கானிக் வரணும்."

"உள்ள ஆள் இருக்கு!"

"அப்படியா? சுவர் கட்டினதுல இருந்து எங்களுக்கு ஒண்ணும் தெரியறதில்லக்கா." தம்பிக்காரன் சிரித்தான்.

அவள் சக்கரத்தில் கால் வைத்து லாரி மேல் ஏறினாள். பின்தட்டில் கிடந்த சாக்கை இரண்டாக மடித்துத் தன் சுவரின் மேல் போட்டு, அதைப் பிடித்து எகிறினாள். சாக்கு விலகியது. அவள் பதித்த கண்ணாடி அவள் உள்ளங்கையையே பிளந்தது. ஒரு சில்லுகூட ஆடவில்லை. "நல்லாத்தான் பதிச்சிருக்கேன்" என்று பல்லைக் கடித்தபடி சொல்லிக்கொண்டே உள்ளே குதித்தாள்.

நாத்தனார் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, ஈரத் துண்டால் முகத்தை மூடி மூலையில் ஒடுங்கியிருந்தாள். கண்கள் கோவைப்பழமாக இருந்தன. கொத்தனாரம்மா அவளைக் காற்றுப் படும் பக்கமாக இழுத்து உட்கார வைத்தாள். பிறகு ஏணியைச் சுவரில் சாத்தி, ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு ஏறி, அந்தப் பக்கத்து நெருப்பு மேல் தண்ணீரைத் திருப்பிவிட்டாள். கீழே நின்று இருவரும் கத்தினார்கள். கொஞ்சம் தண்ணீர் அவர்கள் மேலும் விழுந்தது. அது கை தவறித்தான் என்று அவள் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை.

நெருப்பு அணைந்த சற்று நேரத்தில், மெக்கானிக் யாரும் வராமலே லாரி கிளம்பிப் போனது. அப்போதுதான் பால்காரம்மா ஓடி வந்தாள்.

"ஐயோ, இது என்ன கை! நான் தொழுவத்துலதானே இருந்தேன்? லாரி நிக்கறதப் பாத்தேன். உள்ள புள்ள மாட்டிக்கிட்டது தெரியலயே!"

"எப்படித் தெரியும்?" என்றாள் நாத்தனார் கரகரத்த குரலில். "நான் கத்தினது எனக்கே திரும்பி வந்துச்சு."

கண்டக்டர் மறுநாள் காலையில் வந்து சேர்ந்தான். தங்கையின் இருமலையும் மனைவியின் கைக்கட்டையும் பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான். கல் சுமந்தும் கலங்காத கொத்தனாரம்மாவுக்கே அன்றைக்கு மனசு விட்டுப்போயிருந்தது.

"போயிடலாமாங்க?" என்றாள். "வீடு இன்னொண்ணு கட்டிக்கலாம். கட்டத் தெரியாதா எனக்கு?"

"நான் வரல" என்றாள் நாத்தனார்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். வராத கல்லுக்கு நடுங்குகிற பெண்.

"புகுந்த வீட்ல மூணு வருஷம் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தேன் அண்ணி. கதவு சாத்தியிருந்தா உள்ள நடக்கறது வெளியில தெரியாது. அவங்களுக்கு அதுதான் வசதி. இங்கயும் அதேதான். இந்தச் சுவர் நமக்குக் காவல்னு நினைச்சோம். அவனுங்களுக்குல்ல காவலா நிக்குது? நேத்து நான் செத்திருந்தா பால்காரம்மாவுக்கு வாசம் வந்துதான் தெரிஞ்சிருக்கும்."

"அதுக்கு என்னம்மா பண்ணணும்கற?" என்றான் அண்ணன்.

"இடிக்கணும்."

"பைத்தியமா உனக்கு? சுவர் இருக்கும்போதே இந்தப் பாடு!"

"சுவர் இல்லாதப்ப இந்தப் பாடு இல்லண்ணா. யோசிச்சுப் பாரு."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தன் கைக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் வைத்த கல்லைத் தானே எடுப்பது எந்தக் கொத்தனாருக்கும் பெற்ற பிள்ளையை அடிக்கிற மாதிரி. நிமிர்ந்து சொன்னாள்: "பாதைப் பக்கமும் அவன் பக்கமும் மட்டும். இடுப்பளவுக்கு நிறுத்தறேன். எல்லை தெரியணும், ஆளும் தெரியணும்."

ஞாயிற்றுக்கிழமை, வெயில் நன்றாக ஏறியபின் ஆரம்பித்தாள். கை ஆறாததால் கண்டக்டர் சம்மட்டியை எடுத்தான். பஸ்ஸில் டிக்கெட் கிழித்தே பழகிய கை அது. முதல் பத்து அடியில் சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அவனுக்குத்தான் ஆனது. "தள்ளுங்க, நீங்க கல்லை அடுக்குங்க" என்று அவள் இடது கையால் உளியைப் பிடித்து, கட்டுப் போட்ட கையாலேயே தட்டினாள். தனக்குத் தெரிந்த இடத்தில் தட்டியதால் வரிசையாகக் கழன்றது. பால்காரர் மண்வெட்டியோடு வந்தார். பால் வாங்கவும் பழைய இரும்பு போடவும் வந்தவர்கள் பாதையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

தகரமும் வந்தான். முகத்தில் கல்யாணக் களை.

"என்னக்கா, வீட்டைக் காலி பண்றீங்களா? சொல்லியிருந்தா நம்ம பசங்களே வந்து இடிச்சுக் குடுத்திருப்பாங்களே."

அவள் இன்னொரு கல்லை எடுத்துக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். இப்போது அவனுக்கும் அவளுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான் இருந்தது.

"காலி பண்ணல. நீ என்ன செய்யறேன்னு தெரியாம கஷ்டமா இருக்கு. இனிமே உக்காந்து பாக்கப் போறோம்."

"பாத்து?"

"பாத்துக்கிட்டே இருப்போம். நாங்க மட்டுமில்ல." பாதையில் நின்றவர்களைத் தலையால் காட்டினாள். "நீ வயர் கொளுத்தினா எல்லாரும் பாப்பாங்க. கல் எறிஞ்சா எந்தக் கைன்னு தெரியும். லாரியை நிறுத்தினா நான் தாண்டி வருவேன். முன்ன எட்டடி. இப்ப அதுவும் இல்ல."

"ரொம்பப் பேசறீங்க. வாரத்துல பாதி நாள் பொம்பளைங்க மட்டும் இருக்கற வீடு..."

"ஆமா" என்றாள் நாத்தனார். வாசலில் இருந்து இறங்கி வந்து அண்ணியின் பக்கத்தில் நின்றாள். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "பொம்பளைங்க மட்டும் இருக்கற வீடுதான். நாங்க எங்கயும் போக மாட்டோம். நீ போறதுன்னா சொல்லு, லாரில ஏத்த நாங்க வந்து ஒரு கை குடுக்கறோம்."

பாதையில் யாரோ சிரித்தார்கள். தகரத்தின் காது சிவந்தது. அத்தனை பேர் முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கல்லை உதைத்தான். கால் வலித்திருக்க வேண்டும். நொண்டாமல் நடக்கப் பாடுபட்டுக்கொண்டு போனான்.

அத்தோடு திருந்திவிட்டார்கள் என்றால் அது கதை. இது நடந்தது. அடுத்த வாரமே தம்பிக்காரன் ஒரு குவியல் வயரைக் கொண்டுவந்து சுவரோரம் போட்டு நெருப்பு வைத்தான். நாத்தனார் கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு வந்து சுவரோரம் நின்று போனில் படம் எடுத்தாள். பால்காரம்மா சாணிக் கையோடு வந்து நின்றாள். பால் வாங்க வந்திருந்த நாலு பேரும் என்னவென்று பார்க்க வந்தார்கள். யாரும் சண்டை போடவில்லை. நின்றார்கள். தம்பிக்காரன் அவர்களைப் பார்த்தான், நெருப்பைப் பார்த்தான், ஆகாயத்தைப் பார்த்தான். கடைசியில் மண்ணை அள்ளிப் போட்டு அவனே அணைத்தான். அந்தப் படத்தைப் பார்த்த ஏட்டு இந்த முறை டீ குடிக்காமல் போனார். வயர் கொளுத்துகிற இடம் கிடங்கின் மறுகோடிக்குப் போனது.

முறைப்பு மட்டும் நிற்கவில்லை. தகரம் இன்றைக்கும் இந்தப் பக்கம் பார்த்துக் காறித் துப்புவான். நாய்களை அவிழ்த்து விடுவான். நாய்களுக்கோ பால்காரர் வீட்டுச் சோற்றுச் சட்டிதான் நினைவு. நேராக அங்கே ஓடிவிடும். நாத்தனார் சில நாள் இன்னும் திடுக்கிட்டு எழுகிறாள். எழுந்ததும் ஜன்னலைத் திறந்து வெளியே பார்க்கிறாள். எதிர்த் தொழுவத்தில் விளக்கு எரிகிறது. மறுபடி போய்ப் படுத்துக்கொள்கிறாள்.

மழைக்காலம் முடிந்ததும் வீட்டை விலைக்குக் கேட்டு ஒரு தரகன் வந்தான். யார் அனுப்பியது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. வீட்டைச் சுற்றி வந்தவன் பக்கவாட்டில் புதிதாகத் தோண்டியிருந்த கடைக்காலைப் பார்த்துத் தயங்கினான்.

"இது என்னம்மா?"

"நாத்தனாருக்கு ஒரு ரூம்" என்றாள் கொத்தனாரம்மா, கலவையைக் கிளறிக்கொண்டே. "இடிச்ச கல்லெல்லாம் சும்மாதானே கிடக்குது."

"ஜன்னல் எந்தப் பக்கம் வைக்கறீங்க? காத்து தெற்கிலிருந்துதானே வரும்?"

"தெற்க ஒண்ணு வெப்போம்." கரண்டியால் கிடங்கின் பக்கம் காட்டினாள். "அங்க பெருசா ஒண்ணு. அவ அந்தப் பக்கம் பாத்துத்தான் மேஜை போடணும்கறா."

தரகன் வந்த வழியே கிளம்பினான். நாத்தனார் மட்ட நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, கொத்தனாரம்மா குனிந்து முதல் கல்லை வைத்தாள்.