உப்பு இருக்கும் இடம்

“ஏதாவது பண்ணேன்” என்றார் அப்பா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வரும் வாரம் என்றைக்கு என்ன சமைப்பது, யார் சமைப்பது என்று எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டப் பேனாவோடு நின்றிருந்தேன். எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதே பதில்தான். அம்மா தினமும் கேட்பாள், “நாளைக்கு என்ன பண்ணட்டும்?” ஏதாவது. மறுநாள் தட்டு முன்னால் வந்த பிறகுதான் அந்த ஏதாவதில் எதெல்லாம் சேராது என்று தெரியவரும். பருப்பா, நேத்தும் இதானே. கீரையா, நான் என்ன மாடா. முட்டையா, இந்த வெயில்லயா. அம்மா அதற்கும் சிரித்துக்கொண்டுதான் பரிமாறுவாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குத் தட்டைத் தூக்கி எறியலாம் போலிருக்கும்.

அம்மா தையல் கம்பெனியில் சட்டைகளுக்குக் காலர் வைப்பவள். நான் பட்டம் வாங்கியதே அந்தக் காலர்களில்தான். போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்து, முழங்கை வரை மாவுக்கட்டு. “நனையக் கூடாது, அசையக் கூடாது. எலும்பு கோணலா ஒட்டிச்சுன்னா அப்புறம் துணியப் பிடிச்சுத் தைக்க முடியாது” என்று டாக்டர் எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்துத்தான் சொன்னார். வெளியே வந்ததும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, “அப்போ சாப்பாட்டுக்கு?”

கேட்டுவிட்டு அவனும் அப்பாவும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையல்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். எந்த வார்டுக்கு என்றைக்கு என்ன சாப்பாடு, யாருக்கு உப்பில்லாமல், யாருக்குக் கரைத்து என்று திட்டம் போடும் வேலை. எங்கள் குடும்பத்தில் படித்து வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான்.

“ஆஸ்பத்திரிக்கே திட்டம் போடுற. நாலு பேருக்குப் பொங்கிப் போட முடியாதா? லீவு சொல்லு” என்றார் அப்பா.

“சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகலப்பா. இப்ப லீவு கேட்டா வேற ஆளப் போட்டுருவாங்க.”

“போட்டாப் போடட்டும். பெத்தவள விட வேலை பெருசாப் போச்சா?”

திடீரென்று எல்லோருக்கும் அம்மா மேல் பாசம் பொங்கியது. பாசம் பொங்குவது சுலபம். பால் பொங்கினால் அடுப்பை அணைக்கத்தான் ஆள் வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் ‘ஏதாவது’ என்பதற்கு மேல் பதில் வராததால் நானே எழுதினேன். ஒருநாள் அண்ணன், ஒருநாள் அப்பா, ஒருநாள் நான் என்று மாறி மாறி. திங்கட்கிழமை அண்ணன் முறை. சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு வதக்கல். அதைவிட லேசாக எதுவும் கிடையாது. அவன் காகிதத்தைப் படித்துவிட்டு, “டயட் மேடம், இது வீடு, உங்க வார்டு இல்ல” என்றான்.

“பண்ணுவியா, மாட்டியா?”

“பண்றேன்டி, கத்தாத. என்ன பெரிய ராக்கெட்டா?”

திங்கட்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போதே வதக்கல் வாசனை வந்தது. அப்பா இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டிருந்தார். “பையன் கைப்பக்குவத்தப் பாரு. ஆம்பள இறங்கினா இப்படித்தான்” என்றார். அண்ணன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். அம்மா ஓரத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாவுக்கட்டுக் கை மேல் ஒரு துண்டு.

“அவனேதான் பண்ணான். நான் பக்கத்துல உக்காந்து சொன்னேன், அவ்வளவுதான்” என்றாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

எனக்கே ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உருளைக்கிழங்குத் துண்டுகள் ஒரு பக்கம் தடியாகவும் ஒரு பக்கம் சீவியது போலவும் இருந்தன. பழகாத கைதான் வெட்டியிருக்கிறது. ஆனால் அடியில் ஒரு பருக்கை பிடிக்காத சோறும், பதமாகக் குழைந்த பருப்பும் பழகாத கையிலிருந்து வராது. இது பழகிய ஆளின் பழகாத கை. அம்மாவின் இடது கை.

எழுந்து போய்த் துண்டை எடுத்தேன். கட்டின் ஓரம் மஞ்சளேறி, தண்ணீரில் ஊறிய ரொட்டி மாதிரி நொளநொளவென்று இருந்தது. விரல்கள் வீங்கியிருந்தன.

“விரல மடக்கு.”

அம்மா மடக்கப் பார்த்தாள். சுண்டு விரலும் அதற்கடுத்த விரலும் அசையவில்லை.

“அரிசி களையறப்ப கொஞ்சம் தண்ணி பட்டுடுச்சு. விடு, காய்ஞ்சிடும். பாவம், வேலைக்குப் போய்ட்டு வந்தவன், பசியோட நின்னான்.”

“நானும் வேலைக்குப் போய்ட்டுத்தாம்மா வர்றேன்.”

“நீ பொம்பளப் பிள்ள, தாங்குவ.”

அந்த நிமிடத்தில் அப்பாவையும் அண்ணனையும் விட எனக்கு அவள் மேல்தான் ஆத்திரம் வந்தது. கையை உடைத்துக்கொண்ட பிறகும் ஓயாமல், சமைத்ததை மகன் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்து பூரிக்கிறவளை என்ன செய்வது? இவளுக்காகச் சண்டை போட்டால் இவள் எதிர்க்கட்சியில் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

“செருப்பப் போடு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“அவங்க சாப்ட்டு முடிக்கட்டும்.”

நான் திரும்பி அண்ணனைப் பார்த்தேன். “பருப்புல உப்பு பத்தல. நீதான சமைச்ச? உப்ப எடுத்துப் போட்டுக்கோ, அப்பாவுக்கும் போடு.”

அவன் என்னை முறைத்தபடி எழுந்து உள்ளே போனான். ஒரு டப்பாவைத் திறந்து மூடினான். இன்னொன்று. அடுத்தது சர்க்கரை போல, விரலில் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான். அப்பா மெல்லுவதை நிறுத்தினார்.

“எதுக்கு அவனப் போட்டுப் படுத்துற? நீ எடுத்துக் குடுத்தா கொறஞ்சா போயிடுவ?”

“சரி, நீங்க சொல்லுங்கப்பா. உப்பு எங்க இருக்கு?”

அவர் சமையலறையை எட்டிப் பார்த்தார், விருந்தாளியாக வந்த வீட்டைப் பார்ப்பது போல.

“நாளைக்கு உங்க முறை” என்றேன்.

அம்மாவுக்குச் செருப்பை மாட்டிவிட்டு, அவளுடைய நல்ல கையைப் பிடித்து வாசலுக்கு நடத்தினேன். உள்ளே மூடிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டிருந்தன. ஏதோ கீழே விழுந்து உருண்டது. அம்மா நின்றுவிட்டாள். “அந்த அடுப்புக்குப் பின்னாடி...” என்று திரும்பினாள். இடத்தைக் காட்ட அந்தக் கை என் பிடிக்குள்ளிருந்து மேலே எழும்பியது, நான் நினைத்ததைவிடப் பலமாக.

இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.