இழுபடுகிறவளின் கை

மேடையில் ஒரு கணவன் மனைவியின் தலைமுடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போகிறான். பார்க்கிறவர்கள் பதறிப்போகிறார்கள். அதன் சூட்சுமத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். இழுக்கிறவன் இழுப்பதே இல்லை. முடி எதையும் பிடிக்காமல், மடக்கிய வெறுங்கையை அவள் உச்சந்தலையில் வைக்கிறான். அதோடு அவன் வேலை முடிந்தது. அவள்தான் இரண்டு கையாலும் அவன் மணிக்கட்டைப் பற்றித் தன் தலையோடு அழுத்திக்கொள்கிறாள். எந்தப் பக்கம் போவது, எவ்வளவு வேகம், எங்கே விழுவது எல்லாம் அவள் முடிவு. அவன் முகத்தில் வெறியையும் காலில் பூனையையும் வைத்துக்கொண்டு அவள் போகிற வழியே போக வேண்டும்.

அந்த நாடகக் குழுவில் இதை வில்லனைப் போல நேர்த்தியாகச் செய்ய ஆள் கிடையாது. வில்லன் வேஷமே போட்டுப் போட்டு அவருக்குப் பெயரே வில்லன் என்று நிலைத்துவிட்டது. மேடையில் எத்தனையோ பேருக்கு விஷம் வைத்தவர், வீட்டில் கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிவிடுவார். கல்யாணமான புதிதில், நாடகக்காரனுக்கு வீடு கிடையாது என்று வாசலோடு திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. ஒரு வழியாகக் கிடைத்த வீட்டிலும் பக்கத்து வீட்டம்மாள் அவர் மனைவியைப் பார்த்துக் கண்கலங்கினாள். "இந்தப் படுபாவிக்கா உன்னக் கட்டி வச்சாங்க?"

"அத ஏங்க கேக்கறீங்க. நான் ஒரு அதட்டு போட்டா அழுதுடுவாரு" என்றாள் மனைவி.

இந்த நாடகத்தில் அவருக்கு மனைவியாக நடித்தவளை எல்லாரும் மிளகு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் பொடிசு, வசனம் பேசினால் சுள்ளென்று இருக்கும். தினமும் இந்தக் கடைசிக் காட்சி நேரத்துக்கு அவள் வீட்டுக்காரர் வந்து, முன்வரிசை ஓர நாற்காலியில் உட்கார்ந்து, அவளைக் கையோடு அழைத்துப் போவார். எவ்வளவு பாசம் பாருங்கள் என்று குழுவில் பேசிக்கொள்வார்கள்.

அன்றைக்கும் வில்லன் கண்ணை உருட்டி, கையை ஓங்கி, அவள் உச்சந்தலையில் வைத்தார். மணிக்கட்டுக்கு அவள் கை வரவில்லை. குனிந்து பார்த்தார். அவள் கைகள் முகத்தை மூடியிருந்தன. முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருந்தன. கொண்டைக்குக் கீழே அவர் விரலில் ஏதோ வீக்கம் தட்டுப்பட்டது. கைகளுக்குப் பின்னாலிருந்து, "இல்லீங்க, இனிமே மாட்டேங்க" என்று முனகல் வந்தது. அந்த வசனம் நாடகத்தில் கிடையாது.

அவர் கையை எடுத்தார். "உள்ள போடி" என்று மட்டும் உறுமினார். அவள் தானாகவே எழுந்து உள்ளறைக் கதவுக்குள் போனாள். திரை விழுந்ததும் அரங்கமே கைதட்டியது.

டைரக்டர் ஓடிவந்தார். "பிரமாதம்மா! கையால முகத்த மூடினே பாரு, எனக்கே உடம்பு சிலிர்த்துப் போச்சு. அத அப்படியே வச்சுக்கோ. தினமும் வேணும்."

எல்லாரும் அவளைத் தட்டிக்கொடுத்தார்கள். "சரிங்க சார்" என்று அவள் சிரித்தாள். வில்லனுக்கு ஒட்டுமீசையைப் பிய்த்தெடுக்கக்கூடக் கை வரவில்லை. நேரே மேக்கப் அக்காவிடம் போனார்.

"அவளுக்கு ஏன் இப்பல்லாம் கொண்டைய ஒரு பக்கமா போடற?"

அக்கா சீப்பைக் கீழே வைத்தாள். "மறுபக்கம் முடி இல்லண்ணே. கட்டில் கால்ல இடிச்சுக்கிட்டாளாம். போன தடவ அலமாரி. அந்த வீட்டு மரச் சாமானுக்கெல்லாம் அவ மேல என்ன கோபமோ."

மறுநாள் வில்லன் டைரக்டரிடம் சொல்லிவிட்டார். "அந்தக் காட்சி வேணாம். என்னால முடியாது."

"என்னண்ணே விளையாடறீங்க? நாடகமே அதுலதான் நிக்குது. அவளால முடியலன்னா சொல்லுங்க, வேற பொண்ணப் போட்டுக்கறேன்."

இது அவள் காதுக்கு எட்ட எவ்வளவு நேரம் ஆகும்? விடுவிடுவென்று வந்து அவர் எதிரே நின்றாள்.

"என் சோத்துல ஏண்ணே மண்ணப் போடறீங்க?"

"நேத்து உன் கை வரலியேம்மா."

"எங்க இருக்கேன்னு மறந்துட்டேன்." கொண்டையை இழுத்துச் சரிசெய்தாள். "மத்த இடத்துல எல்லாம் இழுத்த பக்கம் போறவ நான். இங்க ஒரு இடத்துலதான் நான் போற பக்கம் இழுக்கறவன் வர்றான். அதையும் புடுங்கிட்டா எனக்கு வேற என்னண்ணே இருக்கு?"

வில்லன் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். இத்தனை காலம் செய்த வேலையை இப்படி ஒருவரும் அவருக்கு எடுத்துச் சொன்னதில்லை.

"சரி. கைய வைப்பேன். நீ பிடிக்கற வரைக்கும் நகர மாட்டேன். ஜனங்க கல்ல விட்டு எறிஞ்சாலும் சரி."

"எந்தப் பக்கம் போனாலும் வருவீங்களா?"

"அதானே என் வேல."

சாயங்காலம் அரங்கம் நிறைந்திருந்தது. ஓர நாற்காலியில் வழக்கம்போல அவள் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சி வந்தது. வில்லன் கையை வைத்தார். அவள் கை வரவில்லை. அவர் பல்லைக் கடித்தபடி நின்றார். கை மட்டும் அவள் தலைமேல் பாரமில்லாமல் இருந்தது. யாரோ இருமினார்கள். பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து, "இழுங்கண்ணே!" என்று டைரக்டர் கிசுகிசுத்தார். வில்லன் அசையவில்லை.

அப்புறம் ஒரு விரல் அவர் மணிக்கட்டில் பட்டது. ஐஸ் மாதிரி இருந்தது. பிறகு இன்னொன்று. பிறகு இரண்டு கையும் சேர்ந்து இறுக்கிப் பிடித்தன.

மேடையில் இரண்டு கதவு உண்டு. ஒன்று உள்ளறைக்கு, இன்னொன்று தெருவுக்கு. தினமும் உள்ளறைக்குத்தான் போவார்கள். அவள் தெருக்கதவுப் பக்கம் திரும்பினாள்.

"ஐயோ, அந்தப் பக்கம் இல்ல!" டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

வில்லன் போனார். முகத்தில் வெறி, காலில் பூனை. பொண்டாட்டியை ஒரு கொடுமைக்காரன் வீட்டைவிட்டு வெளியே இழுத்துத் தள்ளுகிறான் என்றுதான் ஜனங்கள் நினைத்தார்கள். வெறும் மேடைமேல் திரை விழுந்தது, கைதட்டல் அடங்கவில்லை. ஓர நாற்காலிக்காரரும் தட்டினார்.

கதவைத் தாண்டியும் அவள் பிடியை விடவில்லை. மேக்கப் அறையைக் கடந்தாள். அக்கா ஒரு பார்வை பார்த்தாள். தன் வீட்டுச் சாவியை எடுத்து மிளகின் இடுப்பில் செருகிவிட்டு, பின்வாசல் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாள்.

தெருவில் இறங்கினார்கள்.

"கைய எடுத்துக்கட்டுமாம்மா?"

"இன்னும் கொஞ்ச தூரம் இருக்கட்டும்ணே."

ஒட்டுமீசையும் உருட்டு விழியுமாக ஒருவன் பெண்ணொருத்தியைத் தலையைப் பிடித்து இழுத்துப் போவதை, எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் பார்த்தார். சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"யோவ்! விடுய்யா அந்தப் பொண்ண!"

மிளகு நின்றுவிட்டாள். அவளுக்காக யாரும் இப்படிச் சத்தம் போட்டு அவள் கேட்டதில்லை. மூச்சை இழுத்து விட்டாள். கண் நிறைந்து வழிந்தது. அதைத் துடைக்க, ஒவ்வொரு விரலாக அந்த மணிக்கட்டை விட்டாள்.

"இவரு பிடிக்கலீங்க" என்றாள் அந்த மனிதரிடம். "நான்தான் பிடிச்சிருந்தேன்."