இரண்டு முதல் பட்டதாரிகள்

நாடு சுதந்திரம் வாங்கிய நாளிலிருந்து எந்த அலுவலகத்தின் முன்னாலும் வளையாத முதுகுத்தண்டு ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது தன் சட்டைக்குள் இருக்கிறது என்று பூலோகபாண்டியன் அறிவித்தான். காலை பத்து மணி. அறிவிப்பைக் கேட்டது, வரிசையில் அவனுக்கு முன்னால் நின்ற ஞானதிரவியம் மட்டும்தான்.

"சரிலே," என்றான் ஞானதிரவியம். "ஃபாரத்தைக் கசக்காத."

பூலோகபாண்டியன் இரண்டு கல்லூரிகளில் படித்தான். மேற்குக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல். கிழக்குக் கல்லூரியில் பி.காம். இரண்டும் காலை ஒன்பதரைக்குத் தொடங்கும். நடுவே பதினொரு கிலோமீட்டர். இரண்டிலும் அவனுடைய வருகைப்பதிவு தொண்ணூற்றிரண்டு சதவீதம். மீதி எட்டு சதவீதம் காய்ச்சல்.

இயற்பியல் அவனுக்காக. பி.காம். அம்மாவுக்காக. மகன் பேங்கில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்பது பேச்சியம்மாளின் ஆசை. எந்த பேங்க் என்று அவள் சொன்னதில்லை. கண்ணாடிதான் முக்கியம்.

குடும்பத்தில் அதுவரை யாரும் பட்டம் வாங்கியிருக்காவிட்டால், வாங்கப்போகிற முதல் ஆளுக்குக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று பெயர். மேற்குக் கல்லூரிக்கு அது போன வாரமே கிடைத்துவிட்டது. கிழக்குக் கல்லூரிக்கு இன்று ஐந்து மணிக்குள் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். அதை அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும்.

தாலுகா அலுவலகத்தின் ஜன்னல் திறந்தபோது மார்பளவு உயரத்தில் இருந்தது. ஒவ்வொரு மனுவுக்கும் நான்கு விரற்கடை இறங்கும். இப்போது முழங்காலுக்கு வந்திருந்தது. யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. குனிந்தார்கள். அனுபவசாலிகள் வரிசையில் நிற்கும்போதே குனிந்துவிட்டார்கள். பூலோகபாண்டியன் அந்த முதுகுகளைப் பார்த்தான். மேலே வடகம் காயப்போடலாம் என்று தோன்றியது.

ஞானதிரவியத்தின் முறை வந்தது. அவன் மண்டியிட்டு, தலையை ஜன்னலுக்குள் விட்டான்.

"மேடம், எனக்குன்னு இந்த உலகத்துல இருக்கது நீங்கதான் மேடம்."

"அம்மா அப்பா?"

"அவங்க சும்மா மேடம்."

சீல் விழுந்தது.

"வெக்கமா இல்லையாலே?" என்றான் பூலோகபாண்டியன்.

"இருக்கு. சீலும் இருக்கு." ஞானதிரவியம் முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு போனான்.

பூலோகபாண்டியன் நிமிர்ந்து நின்று, விண்ணப்பத்தைக் கையை மட்டும் தாழ்த்தி நீட்டினான். சுவரைப் பார்த்துப் பேசினான்.

"வணக்கம். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வேணும்."

உள்ளே இருந்தவர் செண்பகவல்லி, இளநிலை உதவியாளர். "யாருப்பா அது? கால் மட்டும் வந்திருக்கு?"

"நான் நின்னுக்கிட்டுதான் பேசுவேன்."

"பேசு. எனக்கென்ன, உன் முழங்காலு நல்லாத்தான் இருக்கு." பதிவேடு புரளும் சத்தம். "தம்பி, உங்க குடும்பத்துல ஏற்கெனவே ஒரு முதல் பட்டதாரி இருக்காரே."

"யாரும் இல்லையே."

"இருக்காரு. மேற்குக் காலேஜ். பேரு பூலோகபாண்டியன்."

"அது நான்தான்."

"அப்ப இங்க நிக்கது?"

"இதுவும் நான்தான்."

"ஒரே ஆளு ஒரே நேரத்துல ரெண்டு காலேஜ்ல எப்படிப்பா இருக்க முடியும்? கவர்மெண்டை ஏமாத்தாத. அவரு உங்க அண்ணன்." பதிவேடு மறுபடி புரண்டது. "ஒரு வாரம் மூத்தவரு."

ஒரு வாரத்தில் ஒரு தாய் இரண்டு முறை பிள்ளை பெற முடியாது என்பதை பூலோகபாண்டியன் சுவருக்கு எடுத்துச் சொன்னான். உயிரியல் அவன் பாடம் இல்லை. இருந்தாலும் அழுத்தமாகச் சொன்னான்.

"ரெண்டாவது ஆளுக்குச் சலுகை கெடையாது," என்றார் செண்பகவல்லி. "ஒரு வழிதான். பாகம் பிரிஞ்சிருங்க. ரேஷன் கார்டு தனின்னா குடும்பம் தனி. தனிக் குடும்பத்துல நீங்கதான் மொத ஆளு. அண்ணன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க. அப்புறம் ஆபீசர்கிட்ட பச்சை மை."

சீனி வாங்குவதற்கென்று அச்சடித்த ஓர் அட்டை, யார் யாருக்கு உறவு என்று தீர்ப்புச் சொல்கிறது. இதை நம்பி ஒரு கூட்டம் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அலைகிறது. பூலோகபாண்டியன் அந்தக் கூட்டத்தை மனசார இகழ்ந்தான். பிறகு அண்ணனைத் தேடிப் போனான்.

அலுவலகத்தின் தாழ்வாரம் மேற்குக் கல்லூரி வரைக்கும் பதினொரு கிலோமீட்டர் நீண்டிருந்தது. ஐந்தாவது கிலோமீட்டரில் ஒரு டீக்கடை. ஏழாவதில் தாழ்வாரம் ஒரு ரயில்வே கேட்டைக் கடந்தது. கேட் மூடியிருந்தது. ரயில் போகும்வரை காத்திருந்தான்.

மேற்குக் கல்லூரியில் இயற்பியல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது பெஞ்சில் பூலோகபாண்டியன் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான். கையெழுத்து அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. சட்டையின் மேல் பட்டனையும் போட்டிருந்தான். வாசலில் நின்றவனுக்கு அவனைப் பார்த்த உடனேயே பிடிக்கவில்லை.

"வா தம்பி," என்றான் அண்ணன், நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "பத்திரம் எழுதி வச்சிருக்கேன்."

"நான் வருவேன்னு எப்படித் தெரியும்?"

"தம்பிங்க வருவாங்க."

வாத்தியார் பாடத்தை நிறுத்தினார். பாகப்பிரிவினை முடியட்டும் என்று சாக்பீஸைக் கீழே வைத்தார். வகுப்பு முழுவதும் சாட்சியாக எழுந்து நின்றது.

அண்ணன் வாசித்தான். "பேரு ஒண்ணுதான் இருக்கு. பூலோகம் எனக்கு. பாண்டியன் உனக்கு."

"சரி."

"வீட்டுல கீழ்த்தளம் எனக்கு. மாடி உனக்கு."

"நம்ம வீட்டுல மாடி கெடையாதே."

"கட்டிக்கோ. காய்ச்சல் எட்டு சதவீதம். அது முழுசும் உனக்கு. அம்மா எனக்கு."

பாண்டியன் நிமிர்ந்தான். "அம்மா எப்படிலே உனக்கு? அவளுக்காக பி.காம். படிக்கது நானு. நீ படிக்கது உனக்கு."

"படி. யாரு வேண்டாம்னா? ஒரு கார்டுல ஒரு தடவைதான் அம்மா பேரு ஏறும். அது என் கார்டு."

"மாசத்துக்கு ஒருத்தர்னு முறை வச்சுக்கிடுவோம்."

"அரை ஆளுக்கு அரிசி போட மாட்டான். ரேஷன் கடையில கேட்டுட்டேன்." பூலோகம் இப்போதுதான் தலையைத் தூக்கினான். "இந்தா பாரு தம்பி. நான் யார்கிட்டயும் கெஞ்சுற ஆளு கெடையாது. என்கிட்ட கெஞ்சுற ஆளையும் எனக்குப் பிடிக்காது."

அந்த மூஞ்சியில் இருந்த இளக்காரம் தனக்கு மிகவும் பழக்கமானது என்று பாண்டியனுக்குத் தெரிந்தது. முன்னால் இருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. பார்க்கச் சகிக்கவில்லை.

அப்போது போன் அடித்தது. பாண்டியன் தன் சட்டைப்பையைத் தொட்டான். பை காலியாக இருந்தது. போன் அண்ணன் கையில் இருந்தது.

"சாப்பிட்டியாலே?" பேச்சியம்மாளின் குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.

"சாப்பிட்டேம்மா."

"பக்கத்துல யாரு மூச்சு வாங்குது?"

"தம்பிம்மா."

"எந்தத் தம்பி?"

"பி.காம். படிக்கவன்."

போனில் குக்கர் விசில் ஒன்று வந்து அடங்கியது.

"பேங்குல உக்காரப் போற பிள்ளையா? அவன் சாப்பிட்டானா?"

"தெரியலம்மா," என்று பூலோகம் போனை வைத்தான். வாசலுக்கு மேலே இருந்த கடிகாரம் ஒன்று முடிந்து இரண்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பாண்டியன் கையெழுத்துப் போட்டான். வகுப்பு கைதட்டியது. வாத்தியார் சாக்பீஸை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

திரும்பும்போது தாழ்வாரம் பதிமூன்று கிலோமீட்டராக இருந்தது.

அதிகாரி முப்பது வருஷமாகப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு வந்தவர். போன ஆடியில் அவருக்குத் துளிர் விட்டிருந்தது. இப்போது காதுக்குப் பக்கத்தில் நன்றாகத் தழைத்திருந்தார். பியூன் வேருக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, "வெயில் விழுறப்பதான் போடுவாரு, கொஞ்சம் பொறுங்க," என்றார். நாலே முக்காலுக்கு வெயில் மேசையில் விழுந்தது. ஒரு கிளை அசைந்து பத்திரத்தில் கையெழுத்திட்டது.

ஜன்னல் இப்போது தரையில் இருந்தது. ஒரு தட்டு நுழையும் அளவு இடுக்கு. பாண்டியன் பத்திரத்தைக் காலால் உள்ளே தள்ளினான். சான்றிதழ் வெளியே வந்தது. பெயர்: பாண்டியன். முதல் பட்டதாரி: ஆம். குடும்ப உறுப்பினர்கள்: ஒருவர்.

"உங்க கிழக்குக் காலேஜுக்கு நாங்களே இங்கிருந்து போன்ல சொல்லிருதோம். பி.காம். நிலைச்சிரும். சந்தோஷமா?"

"சந்தோஷம். வீட்டுக்குப் போறேன்."

"எந்த வீட்டுக்கு?"

"எங்க வீட்டுக்கு. அம்மா இருக்கால்லா."

"அது உங்க அண்ணன் குடும்பம் தம்பி. வேற குடும்பத்துக்குள்ள சட்டுனு நுழைய முடியாது. பார்க்கணும், சாப்பிடணும்னா அந்தக் குடும்பத் தலைவருக்கு மனுப் போடணும். எதுக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை தோசைன்னு எல்லாம் எழுதணும். என் வழியாத்தான் போகும். நான் அஞ்சுக்குப் பூட்டிருவேன்."

இடுக்கு வழியாக ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் வந்தன.

பாண்டியன் வரிசையைத் திரும்பிப் பார்த்தான். வரிசை முடிந்திருந்தது. தாழ்வாரத்தை இரண்டு பக்கமும் பார்த்தான். ஆள் இல்லை. சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டான். பிறகு குப்புறப் படுத்தான். சிமெண்டுத் தரை கன்னத்துக்கு ஜில்லென்று இருந்தது. இங்கிருந்து பார்த்தால் செண்பகவல்லியின் செருப்புகள் மட்டும் தெரிந்தன.

'மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு' என்று தொடங்கினான். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் மட்டும் என்று எழுதினான். தோசை மூன்று என்று எழுதி, அதை இரண்டாக்கினான்.

"மேடம்," என்றான் மெதுவாக. "'பணிவுடன்'னு போட்டா போதுமா?"

"புதுசா பிரிஞ்சவங்க 'மிக'ன்னு சேர்ப்பாங்க."

இடம் நெருக்கடியாக இருந்தது. 'பணிவுடன்' என்பதற்கு முன்னால் 'மிக' என்று பொடி எழுத்தில் நுழைத்து, தாளை உள்ளே தள்ளினான்.

தாள் திரும்பி வந்தது.

"ஒற்று விட்டுப்போச்சு பாரு தம்பி."

"மன்னிச்சிருங்க மேடம்," என்று பாண்டியன் ஒரு 'ப்' சேர்த்தான்.