தின்னதுக்கு மட்டும் காசு

ரிஸ்வி முதலாளி அந்த ஆர்டர் எடுக்கிற மெஷினைக் கடைக்குள் இறக்கிய அன்றே எனக்கு வயிறு எரிந்தது. ஆள் உயரம், கண்ணாடி முகம், மூன்று மொழி. ஹட்டன் பஜாரில் அவருடைய வாப்பா நடத்திய தேத்தண்ணிக் கடையை உடைத்துக் கட்டி, கலர் விளக்குப் போட்டு, ஃபாஸ்ட் ஃபுட் என்று போர்டு மாட்டியபோதுகூட நான் ஒன்றும் சொல்லவில்லை. போர்டு மாறினாலும் ரோல்ஸ் அதே ரோல்ஸ்தான், ஒன்பது வருடமாகப் பரிமாறுகிறவளும் நான்தான். இப்போது படத்தை அமுக்கினால் சமையலறைக்குத் துண்டுச்சீட்டு போய்விடுமாம். சாப்பிட்டுவிட்டுப் போகும்போது முதலாளியிடம் காசு கட்டினால் போதுமாம். பிறகு ஜெயந்தினி எதற்கு?

அதை அவரே பக்குவமாகச் சொன்னார். ஞாயிறு வரை மெஷினுக்குப் பரீட்சை. தேறிவிட்டால் திங்கட்கிழமை முதல் நான் வரத் தேவையில்லை. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல் ஓரமாக நிற்க வேண்டும். நான் உதவினால் அதன் திறமை தெரியாதாம். நின்றேன். இரண்டு பிள்ளைகளின் ஸ்கூல் வேனுக்கு இந்தச் சம்பளம்தான், நிற்காமல் என்ன செய்வது?

வெள்ளி வரை அந்தச் சனியன் நன்றாகத்தான் வேலை செய்தது. டவுன் பிள்ளைகள் வந்து டொக் டொக்கென்று அமுக்கிவிட்டுப் போனார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஆறு பேர் வந்தார்கள். கோயில் திருவிழாவுக்குச் சாமான் வாங்க வந்தவர்கள். முன்னால் வந்த வீரய்யா எங்கள் பழைய வாடிக்கை. அந்தக் காலத்திலிருந்தே எங்கள் கடையில், ஆள் உட்கார்ந்ததும் கேட்காமலே எல்லாப் பலகாரமும் ஒரு தட்டில் வந்துவிடும். வேண்டியதை எடுத்துத் தின்பார்கள், தொடாதது கண்ணாடிப் பெட்டிக்குத் திரும்பும், தின்றதற்கு மட்டும் காசு.

வீரய்யா மெஷின் முன்னால் நின்றார். எத்தனை பேர் என்று அது கேட்டது. ஆறு என்று அமுக்கினார். ரோல்ஸில் இரண்டு வகை, வடையில் இரண்டு வகை, கட்லட், பனிஸ், பெட்டிஸ் என்று பதினொரு பலகாரப் படம் வந்தது. தட்டில் எல்லாம் இருக்க வேண்டுமே என்று பதினொன்றையும் அமுக்கினார். அது ஒவ்வொன்றையும் ஆறால் பெருக்கிக்கொண்டது. எனக்கு நாக்கு நமநமவென்றது. வாயைத் திறக்கவில்லையே!

அறுபத்தாறு உருப்படி வந்தது. மேசை நிறைந்து நாற்காலியிலும் தட்டு வைத்தார்கள். கடை பெரிதானதும் தட்டும் பெரிதாகிவிட்டது என்று வீரய்யா மற்றவர்களிடம் பெருமையாகச் சொன்னார். பக்கத்து மேசைக்காரர்களுக்கும் ஒரு தட்டைத் தள்ளிவிட்டார். எல்லோரும் தின்று எழுந்ததும், முதலாளி பழைய ஞாபகத்தில் மிச்சத்தை அள்ளிக் கண்ணாடிப் பெட்டியில் இருந்ததோடு கலந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் துண்டுச்சீட்டைப் பார்த்தார்.

அறுபத்தாறுக்கும் காசு கேட்டார். வீரய்யா கோபப்படவே இல்லை.

"தின்னதுக்குத்தானே காசு, மொதலாளி? ஒங்க வாப்பா காலத்துலருந்து அப்படித்தானே?"

கடையே ஆமாம் என்றது. சரி, என்னதான் தின்றீர்கள் என்று முதலாளி கேட்டார். ஆறு பேரும் சொன்னதைக் கூட்டினால் எட்டுக்கு மேல் வரவில்லை. ஏப்பம் மட்டும் இருபது பேருக்கு வந்தது. முதலாளி மெஷினிடம் போய் எதையோ அமுக்கினார். எத்தனை பேர் என்று அது மறுபடியும் கேட்டது.

அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். என்ன தின்றார்கள் என்று பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேனாவா? கையைக் கட்டினால் கண்ணும் எண்ணாமல் இருந்துவிடுமா? ஆனாலும் உதட்டின் மேல் விரலை வைத்து, ஞாயிறு வரை உத்தரவு என்று ஜாடை காட்டினேன்.

"அட, வாயத் தொறங்க ஜெயந்தினி."

"திங்கக்கிழமையும் தொறக்கலாமா, மொதலாளி?"

அவர் மெஷினைப் பார்த்தார், காலியான தட்டுகளைப் பார்த்தார்.

"வாங்க, வாங்க. எப்பவும் போல வாங்க."

உதட்டிலிருந்து விரலை எடுத்தேன். ரோல்ஸ் ஒன்பது, வடை ஏழு, கட்லட் மூன்று, பக்கத்து மேசைக்குப் பனிஸ் இரண்டு என்று ஒரே மூச்சில் சொன்னேன். இருபத்தொன்று. வீரய்யா சரியாகத்தான் இருக்கிறது என்று தலையாட்டி, மடியிலிருந்து காசை எடுத்தார்.

"இருபத்து மூனு, வீரய்யாண்ணே," என்றேன். "ஒங்க பைக்குள்ள ரெண்டு பெட்டிஸ் இருக்கு."